பூசணிக்காய்க்குப் பின்னால் சிவபாதம்

நான்கு சின்னக் கிளாஸ்களும் மேசைக்கு வந்த பிறகுதான், இவற்றை யார் குடிப்பது என்ற கேள்வி சிவபாதத்துக்கு எழுந்தது.

அவர் குடிக்க மாட்டார். அறுபத்துநாலு வயது வரைக்கும் இருமல் மருந்தைக்கூட லேபலை வாசித்து, அதில் அற்ககோல் இல்லை என்று நிச்சயப்படுத்திய பிறகே வாயில் வைத்தவர். கிழக்கு ரொறன்ரோவில், ஸ்ரீட்கார் என்னும் ட்ராம் ஓடும் தெருவில், ஒரு பழைய பெயின்ற் தொழிற்சாலைக்குள் நடத்தப்படும் அந்தப் பியர் வடிக்கும் கடைக்கு அவர் வந்தது குடிக்க அல்ல, பார்க்க. ஆனால் அங்கே சும்மா இருந்து பார்க்க விடமாட்டார்கள் என்பது, உள்ளே வந்து கதிரையில் இருந்த பிறகுதான் தெரிந்தது.

தாடி வைத்த ஒருவன் வந்தான். தன் பெயர் மரியோ என்றும், இங்கேயுள்ள பியர் எல்லாம் தன் கையால் வடித்தது என்றும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒரு நீட்டுப் பலகையை மேசையில் வைத்தான். பலகையில் நாலு குழி, குழிக்கு ஒரு கிளாஸ்.

“பூசணிக்காய் பியர், நாலு விதம். ஒக்ரோபர் மாதத்தில் மட்டும்தான் வடிப்போம். ஆறுதலாக ருசித்துப் பார்த்து, எது நல்லது என்று சொல்ல வேண்டும்,” என்றான் மரியோ.

“கட்டாயம் சொல்கிறேன்,” என்றார் சிவபாதம்.

அவன் அப்பால் போனதும் ஒரு கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கறுவா, சாதிக்காய், கராம்பு எல்லாம் மணத்தன. பாயாசத்தைக் காய்ச்சிவிட்டு ஒரு மாதம் மறந்துபோனால் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்தார். கிளாஸைத் திரும்ப வைத்துவிட்டு, மேசையின் நடுவில் இருந்த பெரிய பூசணிக்காய்க்குப் பின்னால் தலையைப் பதித்துக்கொண்டு வந்த வேலையைக் கவனித்தார்.

வந்த வேலை எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. பெயர் ஜதுர்சன், வயது முப்பத்துமூன்று, வீடு யூனியன்வில்லில். சிவபாதத்தின் ஒரே மகள் நிலக்சிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அவன்தான்.

கலியாணம் பேசினால் விசாரிக்க வேண்டும். பொடியன் குடிப்பானா, சிகரெட் பிடிப்பானா, வேறு எங்கேயும் தொடுப்பு உண்டா என்று நாலு பேரிடம் காதும் காதும் வைத்தமாதிரிக் கேட்டறிவது நம்மவரிடையே பெண்ணைப் பெற்றவனின் கடமை. சிவபாதம் அந்தக் கடமையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்யக்கூடியவர். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருசம் குவாலிற்றி இன்ஸ்பெக்டராக இருந்தவர். பிழை பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவருக்குப் பென்சன் எடுத்த பிறகு பிழை பிடிக்க மாப்பிள்ளைமாரைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலாவது மாப்பிள்ளையிடம் இரண்டு போன் இருந்தது, வேண்டாம் என்றார். இரண்டாவது மாப்பிள்ளை வீட்டில் பட்டப்பகலிலும் திரைச்சீலை மூடியிருந்தது, அதுவும் வேண்டாம். மூன்றாவது மாப்பிள்ளையில் எவ்வளவு விசாரித்தும் ஒரு பிழையும் அகப்படவில்லை. அது எப்படி அகப்படாமல் போகும் என்ற சந்தேகத்திலேயே அவனையும் விட்டார். மூன்று பேரும் இப்போது கலியாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள் என்பதை மனைவி மங்கையற்கரசி கிழமைக்கு ஒரு தடவையாவது அவருக்குச் சொல்லிக்காட்டுவார்.

ஆகவே இந்த நாலாவது சம்பந்தம் வந்தபோது, நிலக்சி தகப்பனை அடுக்களை மேசையில் இருத்தி வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

“அப்பா, நோ விசாரிங். விளங்குதா? ஆரையும் கேக்கக் கூடாது. ஒருத்தற்ற வீட்டுக்கு முன்னாலயும் கார் பார்க் பண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது.”

“பிள்ளை, நான் ஒரு சொட்டு...”

“ஒரு சொட்டும் இல்லை! எனக்கு முப்பத்திரண்டு வயசு. ஜதுவை எனக்கு ரியலி பிடிச்சிருக்கு. நீங்கள் இதையும் குழப்பினீங்களெண்டா எனக்கு இனிக் கலியாணமே வேண்டாம். ஐ ஆம் டன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. சிவபாதத்துக்கும் நெஞ்சு கரைந்துவிட்டது. ஒருநாளும் இல்லாத மாதிரி அவள் போனைப் பார்த்துத் தனியே சிரிப்பதை அவரும் கண்டிருந்தார். உண்மையாகவே விசாரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். அந்த நினைப்பு நாலு நாள் நின்றது.

ஐந்தாம் நாள் அல்பேட் போன் எடுத்தான். அல்பேட் அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்தவன். இப்போது வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். அதனால் ஊருலகத்தில் யார் எந்தக் கதவால் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

“சிவம் அண்ணை, நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்கட மாப்பிள்ளைப் பொடியன் போன சனிக்கிழமை ஒரு பியர்க் கடைக்குள்ள போறதைக் கண்டனான். பின்கதவால.”

“பின்கதவாலயோ?”

“ஓமண்ணை. முன்கதவு ஆவெண்டு திறந்து கிடக்கேக்க பின்கதவால போனவன்.”

பிறகு மனிசன் எப்படி நித்திரை கொள்வது? விசாரிக்கக்கூடாது என்றுதானே சத்தியம், பார்க்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். முழங்கால் நோவுக்கு இனிச் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவில் பிசியோ இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, தான் குடியிருக்கும் விட்பியில் ரெயில் ஏறினார். இப்போது இந்தப் பூசணிக்காய்க்குப் பின்னால் இருக்கிறார்.

அவர் கண் முன்னாலேயே ஜதுர்சன் மரியோவோடு கைகுலுக்கினான். கடை ஆட்கள் மட்டும் போகும் கதவைத் தன் வீட்டுக் கதவு போலத் திறந்துகொண்டு உள்ளே போனான். அரை மணித்தியாலம் வரவில்லை. வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. மரியோ அவன் தோளில் கையைப் போட்டு, விளிம்புவரை நிரம்பிய பொன்னிறக் கிளாஸ் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

‘உள்ளுக்க போய்க் குடிச்சது காணாமல் வெளியிலயும் குடிக்கிறான்,’ என்று சிவபாதம் மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

இந்த நேரத்தில் மரியோ தன் மேசைப் பக்கம் வருவதைக் கண்டார். நாலு கிளாஸும் தொடாமல் அப்படியே இருந்தன. குடிக்காமல் இருக்கும் கிழவனை யாரும் சந்தேகிப்பார்கள் அல்லவா? மேசைப் பூசணிக்காயைக் குடைந்து அதற்குள் செவ்வந்திப் பூக்களைச் செருகி வைத்திருந்தார்கள். சிவபாதம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கிளாஸ்களைப் பூசணிக்காய்க்குள் கவிழ்த்தார்.

மரியோ வந்து நின்று வெறும் கிளாஸ்களைப் பார்த்தான்.

“நாலுமா? அரை நிமிசத்திலா?”

“நல்ல தாகம்,” என்றார் சிவபாதம்.

மரியோவின் முகம் பூரித்துவிட்டது. தன் பூசணிக்காய் பியரை ஒருவரும் இப்படி விரும்பிக் குடித்ததில்லை என்றான். உடனே ஓடிப்போய், தன் அன்பளிப்பு என்று இன்னொரு பலகை கொண்டுவந்து வைத்தான். அதையும் பூசணிக்காய்தான் குடித்தது. மூன்றாவது பலகை வந்தபோது பூசணிக்காயில் இடமில்லை. செவ்வந்திப் பூக்கள் மிதக்கத் தொடங்கியிருந்தன. வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பவேண்டியதாயிற்று.

“அப்படியானால் அடுத்த சனி வாருங்கள். ஒக்ரோபர் முழுவதும் நாலு சனி, நாலு வகை. நாலுக்கும் வருகிறவர்களின் பெயரை அந்தச் சுவர்ப் பலகையில் எழுதுவோம். உங்கள் பெயர் என்ன?”

சொந்தப் பெயரைச் சொல்ல முடியுமா? “அல்பேட்,” என்றார் சிவபாதம்.

மரியோ சுவரில் இருந்த கறுப்புப் பலகையில் சோக்கால் பெரிதாக எழுதிவிட்டு, “அல்பேட் நாலு சனியும் வருகிறார்!” என்று கடை முழுவதற்கும் கேட்கக் கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜதுர்சனும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். சிவபாதம் அவசரமாகச் செவ்வந்திப் பூக்களுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். நல்லகாலம், தொப்பி போட்டிருந்ததால் தன்னை அடையாளம் தெரிந்திருக்காது என்று நம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மங்கையற்கரசி வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

“என்னப்பா, ஒரு மாதிரி மணக்குது?”

“பிசியோவில பூசிற எண்ணெய்.”

“பூசணிக்காய் மணக்குது.”

“அது ஆயுள்வேத பிசியோ,” என்றார் சிவபாதம்.

இரண்டாவது சனிக்கிழமை அவர் ஆயத்தமாகப் போனார். வீட்டிலிருந்த பெரிய தேத்தண்ணிப் பிளாஸ்கைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் செந்நிறப் பியர். ஜேர்மன்காரர் திருவிழாவுக்குக் குடிப்பது என்றும், வறுத்த பாணின் ருசி வரும் என்றும் மரியோ விளக்கினான். அவன் முதுகு திரும்பியதும் சிவபாதம் மேசைக்குக் கீழே குனிந்து, நாலு கிளாஸையும் பிளாஸ்கில் ஊற்றி மூடினார். நிமிர்ந்தபோது ஜதுர்சன் தூணோரம் ஒரு மேசையில் இருந்தான். கையில் அதே பொன்னிறக் கிளாஸ். கண் இந்தப் பக்கம்.

‘போன கிழமை குடிச்சவன் இந்தக் கிழமையும் வந்திட்டான். இது பழக்கமில்லை, நோய்,’ என்று மனதுக்குள் இரண்டாவது குறிப்பு விழுந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ரொறன்ரோவின் பெரிய ரெயில் நிலையமான யூனியன் ஸ்ரேசனில் காத்திருந்தது. சிவபாதம் ஏறிய விட்பி ரெயிலில், இரண்டு வரிசை பின்னால், ஜதுர்சனும் ஏறினான்.

யூனியன்வில்லுக்குப் போக வேண்டியவன் விட்பி ரெயிலில் ஏன் ஏறுகிறான்? சிவபாதம் கண்ணாடி யன்னலில் அவனுடைய நிழலைப் பார்த்தபடியே வந்தார். அந்தக் கவனத்தில் பையைச் சரித்துவிட்டார். பிளாஸ்கின் மூடி இளகி, செந்நிறப் பியர் அவருடைய காற்சட்டை வழியாகச் சப்பாத்துக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண்மணி முதலில் மூக்கைப் பொத்தினாள், பிறகு எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டாள்.

விட்பியில் இறங்கினால் ஜதுர்சனும் இறங்குகிறான். சிவபாதம் பிளாற்போமில் இருந்த ஒரு தூணின் பின்னால் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஜதுர்சன் ஒரு விளம்பரத்தை வாசிப்பதுபோல நின்றான். இவர் தூணை விட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது அவன் வெளிவாசல் வரை வந்தான். இவர் பஸ்ஸில் ஏறிய பிறகும் அங்கேயே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் சிவபாதம் கராஜுக்குள் ஒளித்து நின்று அல்பேட்டுக்குப் போன் எடுத்தார்.

“அல்பேட், அவன் விட்பிக்கு வாறான்!”

“விட்பியில அவனுக்கு என்ன அலுவல்?”

“அதைத்தான் நான் உம்மட்டைக் கேக்கிறன்.”

“அண்ணை, சொல்லுறனெண்டு குறை நினைக்காதேங்கோ. குடிச்சுப்போட்டு ஒரு ஆம்பிளை சொந்த வீட்டுக்குப் போகாமல் வேற ஊருக்குப் போறானெண்டா, அங்க ஒரு பொம்பிளை இருக்கு.”

சிவபாதத்துக்குத் தலை சுற்றியது. தன் மகள் இருக்கும் ஊரிலேயே இன்னொருத்தியா? என்ன துணிவு இவனுக்கு!

தலை சுற்றி முடிய முன்னரே கராஜ் கதவு திறந்தது. மங்கையற்கரசி பிளாஸ்கைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டு நின்றார்.

“இதுக்குள்ள என்ன தேத்தண்ணி கொண்டு போனனீங்கள்?”

“மூலிகைத் தேத்தண்ணி. பிசியோக்காரன் தந்தவன்.”

“காற்சட்டையிலயும் ஊத்தி விட்டவனோ?”

“முழங்காலுக்குத்தானே மருந்து,” என்றார் சிவபாதம். மங்கையற்கரசி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் சத்தம் கராஜ் வரை கேட்டது.

அந்தக் கிழமை முழுவதும் வீடு ஒருமாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பதில் சொல்வதாகச் சொன்ன நாள் கடந்துவிட்டது. கலியாணம் பேசிக்கொண்டு வந்த புரோக்கர் யோகராணி போனில் இழுத்து இழுத்துக் கதைத்தாள்.

“அவையள் இன்னும் ரெண்டு கிழமை பொறுக்கட்டாமண்ணை. தாய்க்காரி என்னவோ யோசிக்கிறா.”

“என்ன யோசிக்கிறா?”

“அது... நான் பேந்து சொல்லுறனண்ணை.”

போனை வைத்துவிட்டுச் சிவபாதம் மனைவியைப் பார்த்தார். “கண்டீரோ? என்னத்தையோ மறைக்கினம்.”

“எல்லாரும்தான் மறைக்கினம்,” என்றார் மங்கையற்கரசி.

நிலக்சி சாப்பாட்டு மேசையில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜது முன்னைப்போலக் கதைக்கிறான் இல்லை, ஏதாவது கேட்டால் ‘அப்பா எப்படி இருக்கிறார்’ என்று கேட்டுக் கதையை மாற்றுகிறான் என்று தாயிடம் மெல்லச் சொன்னாள். அவள் போனைப் பார்த்துச் சிரித்து நாலைந்து நாளாகிவிட்டது. அது சிவபாதத்தின் காதிலும் விழுந்தது. கள்ளன், என்னைப் பற்றி விசாரித்துப் பிள்ளையை ஏமாற்றுகிறான் என்று பல்லைக் கடித்தார். தான் பிள்ளையைக் காப்பாற்றத்தான் வேண்டும், சத்தியம் கித்தியம் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

மூன்றாவது சனி, தொப்பியோடு கறுத்தக் கண்ணாடியும் மூக்குவரை சுற்றிய மவ்ளரும் சேர்ந்தன. பிளாஸ்க் பறிமுதல் ஆகியிருந்தது. பூசணிக்காயை மாற்றி வைக்கோல் பொம்மை வைத்திருந்தார்கள். ஊற்றுவதற்கு ஒரு இடமும் இல்லை. போதாக்குறைக்கு மரியோ கொப்பியும் பேனையுமாக எதிரே வந்து குந்திவிட்டான்.

“பியருக்குக் கைப்பைக் கொடுக்கிற ஹொப்ஸ் பூவைப் பறித்தவுடன் பச்சையாகப் போட்டு வடித்தது. வருசத்தில் ஒருமுறைதான். அல்பேட், உங்கள் அபிப்பிராயம் எனக்கு முக்கியம்.”

தப்ப வழியில்லை. சிவபாதம் பிள்ளையாரை நினைத்து, நிலக்சியை நினைத்து, மவ்ளரை இறக்கி ஒரு மிடறு குடித்தார். வேப்பிலையைத் தோடம்பழத் தோலோடு அரைத்து விட்டமாதிரி ஒரு கைப்பு உச்சந்தலை வரை போனது. கறுத்தக் கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது.

மரியோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்கும் முதல் தடவை அழுகை வந்தது,” என்றான்.

‘இனிக் காணும்’ என்று சிவபாதம் எழுந்தார். கறுத்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அலங்காரத்துக்கு வைத்திருந்த வைக்கோல் கட்டு காலில் தடக்கியது, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கடை முழுதும் ஐயோ என்றது. யாரோ ஓடிவந்து அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தி, தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துவிட்டார்கள். கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பார்த்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொஞ்சத் தூரத்தில் ஜதுர்சன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையில் அதே கிளாஸ்.

‘ஒரு கிழவன் விழுந்து கிடக்கிறான், இவன் மேலே பார்க்கிறான். இரக்கமும் இல்லை,’ என்று மூன்றாவது குறிப்பு விழுந்தது. அன்றைக்கும் விட்பி வரை அவன் ரெயிலில் வந்தான். அன்றைக்கும் இவர் பஸ் ஏறும்வரை வாசலில் நின்றான்.

நாலாவது சனி சிவபாதம் போனது அத்தாட்சிக்காக. ஒரு போட்டோ, அது போதும். வெளியே இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. உள்ளே கறுத்தப் பியர். ஓட்ஸும் கோப்பிக்கொட்டையும் வறுத்துப் போட்டது என்றான் மரியோ. போனை உயர்த்தி ஜதுர்சனைக் குறிபார்க்க வேண்டுமானால் கையில் ஒரு கிளாஸ் இருந்தால்தான் இயல்பாக இருக்கும் என்று சிவபாதம் ஒன்றை எடுத்தார். எடுத்ததை வாயருகே கொண்டுபோனார். மணம் கோப்பிபோலத்தான் இருந்தது. நாக்கின் நுனியில் வைத்தார்.

நன்றாக இருந்தது.

அவருக்குத் திக்கென்றது. தவறுதலாக இருக்கும் என்று இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். தவறுதல் இல்லை. குவாலிற்றி இன்ஸ்பெக்டர் ஒரு மாதிரியை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்பதால் இரண்டாவது கிளாஸையும் பரிசோதித்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் சந்தேகிக்காத ஆள் இல்லை; இப்போது முதல்முறையாகத் தன்னையே சந்தேகித்தார்.

பிறகு போனை உயர்த்திப் பொத்தானை அமத்தினார். பளீரென்று பிளாஷ் அடித்தது. கடை முழுவதும் திரும்பியது. மரியோ அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துவிட்டான்.

“நாலு சனியும் வந்து முடித்த ஒரே ஆள் அல்பேட்!” என்று கூவி, அவரைக் கதிரையில் ஏற்றி நிறுத்தி, கழுத்தில் ஹொப்ஸ் மாலை ஒன்றைப் போட்டு, தானும் ஒரு போட்டோ எடுத்துச் சுவரில் கொழுவினான். எல்லோரும் கை தட்டினார்கள். ஜதுர்சன் மட்டும் தட்டவில்லை. முகத்தில் ஒரு பெரிய கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றான். சிவபாதத்துக்கு அது அகப்பட்டுப்போன கள்ளனின் முகமாகவே தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யோகராணி நேரிலேயே விட்பிக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரின் பதில் அவளிடம் இருந்தது. ஆனால் வாய் திறக்கிறாள் இல்லை. வடையைப் பிய்த்தாள், தேத்தண்ணியை ஊதினாள், சிவபாதத்தைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். நிலக்சி தாயின் கையைப் பிடித்தபடி சோபாவின் நுனியில் இருந்தாள்.

அவர்கள் முந்திக்கொண்டு ஏதும் சொல்ல முன்னர் தான் சொல்லிவிட வேண்டும் என்று சிவபாதம் எழுந்தார்.

“யோகராணி, நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது.”

“அப்பா!” என்றாள் நிலக்சி.

“பொறு பிள்ளை. அவன் குடிகாரன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, நாலு சனிக்கிழமையும் அந்தப் பியர்க் கடையில என்ர கண்ணால கண்டனான். குடிச்சு முடிய விட்பிக்கு வேற வாறான். இஞ்ச ஒருத்தியை வைச்சிருக்கிறான். இந்தா, போட்டோவும் இருக்கு.”

போனை மேசையில் வைத்தார். ஜதுர்சன் கையில் கிளாஸோடு, பிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசி நின்றான். மங்கையற்கரசி போட்டோவைப் பார்க்கவில்லை, புருசனைத்தான் பார்த்தார்.

“நாலு சனியுமோ? அப்ப பிசியோ?”

“மங்கை, அது...”

“ப்ரொமிஸ் பண்ணினீங்கள்,” என்றாள் நிலக்சி. குரல் உடைந்துவிட்டது. “எனக்கு ப்ரொமிஸ் பண்ணிப்போட்டு ஒவ்வொரு சற்றர்டேயும் போய் இருந்திருக்கிறீங்கள்.”

சிவபாதம் அவளுக்குக் கிட்டப் போனார். “உனக்காகத்தான் பிள்ளை. நீ பிறகு கஷ்டப்படக் கூடாதெண்டு எனக்குப் பயம். வேற ஒண்டுமில்லை, பயம்தான்,” என்றார். அது உண்மை. அவர் அந்த மாதத்தில் சொன்ன முதல் உண்மையும் அதுதான். நிலக்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த பிழைக்கு வீட்டில் ஒருவரும் நன்றி சொல்லவில்லையே என்று அவர் யோகராணியின் பக்கம் திரும்பினார்.

“நீராவது சொல்லும், யோகராணி. இப்பிடியான ஒருத்தனுக்கு ஆரும் பிள்ளையைக் குடுப்பினமோ?”

யோகராணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அண்ணை, இதை நிலக்சிக்கு முன்னால சொல்லுறதோ எண்டுதான் இவ்வளவு நேரமும் யோசிச்சனான். அவன் அங்க முதல் பின்கதவால போனது வேலையா, அவையின்ர குளிர் மெசின் திருத்த. பேந்து மூண்டு சனியும் அப்பிள் ஜூஸைப் பிடிச்சுக்கொண்டு காவல் இருந்து விட்பி மட்டும் வந்தது, நீங்கள் வெறியில ரெயிலுக்கு முன்னால விழுந்திடுவியளெண்ட பயத்தில. தாய்க்காரி இந்தச் சம்பந்தமே வேண்டாமெண்டு நிண்டவ, அவன்தான் ‘மாமா குடிகாரனெண்டா அதுக்கு நிலக்சி என்ன செய்யிறது, கட்டினா அவளைத்தான், மாமாவைத் திருத்தி எடுக்கிறது என்ர பொறுப்பு’ எண்டு சொல்லி ஓமெண்ட வைச்சிருக்கிறான்.”